எழாத சேவை: வாடகை சர்வர்களில் லினக்ஸ் தொடக்கத் தோல்விகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் கணினித் தொழில் என்றால் சிறுசேரியும் பரனூர் மகேந்திரா சிட்டியும் முதலில் நினைவுக்கு வரும். மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயிலேறி அங்கே வேலைக்குப் போய்வருகிற இளைஞர்கள் பலர். அவர்களில் சிலருக்கு மாலையில் ஊர் திரும்பிய பிறகும் வேலை இருக்கும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தின் இணையதளம், கோவளத்து விடுதியின் முன்பதிவு, அரிசி மண்டியின் பில் மென்பொருள், டியூஷன் சென்டரின் தேர்வுத் தளம் என்று தெரிந்தவர்களுக்குச் செய்துகொடுத்தவற்றைக் கட்டிக்காப்பதும் அவர்கள் பொறுப்புதான். இவை பெரும்பாலும் மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் சர்வரில், அதாவது விபிஎஸ்ஸில், லினக்ஸின் மேல் ஓடுகின்றன. தனியாக ஒரு சர்வர் நிர்வாகியை வேலைக்கு வைக்க இந்தத் தொழில்களால் முடியாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம் ஒருநாள் திறக்கவில்லை. சர்வர் இயங்குகிறது, உள்ளே நுழையவும் முடிகிறது. வலைச் சேவையோ தரவுத்தளமோ மட்டும் எழ மறுக்கிறது. அப்போது பெரும்பாலோர் செய்வது மூன்று காரியங்கள்: சர்வரை ரீபூட் செய்வது, மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது, எங்கோ கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டிப் பார்ப்பது. மூன்றும் சில சமயம் பலிக்கும். பலித்தாலும் காரணம் தெரியாமலே போய்விடும். அதே கோளாறு இன்னொரு நாள் திரும்ப வரும்.

இந்தத் தோல்விகளை வகைப்படுத்திப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. சேவை ஏன் எழவில்லை என்பதை லினக்ஸ் பெரும்பாலான நேரங்களில் எழுதிவைத்துவிடுகிறது. குறைவாக இருப்பது அதை முறையாகப் படிக்கும் பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய அறிவை ஓரிடத்தில் தொகுத்துத் தருவது இக்கட்டுரையின் நோக்கம்.

பொறுப்பின் எல்லை

விபிஎஸ் என்பது ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினிபோல் வாடகைக்கு விடும் ஏற்பாடு. 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி சேர்ந்தது. அதன்பின் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. டிஜிட்டல்ஓஷன் 2016இல் பெங்களூரில் தன் மையத்தைத் திறந்தது. 2022இல் லினோடை வாங்கிய அகமாய் நிறுவனம் 2023இல் சென்னையிலும் மையம் தொடங்கியது. மதுராந்தகத்துக்காரர் ஒருவர் இன்று தன் சர்வரை எண்பது கிலோமீட்டர் தூரத்துச் சென்னையிலேயே வைத்துக்கொள்ள முடியும்.

வாடகைக்கு விடுபவரின் பொறுப்பு மின்சாரம், வன்பொருள், வலையிணைப்பு ஆகியவற்றோடு முடிகிறது. மெய்நிகர் கணினி எழுந்து இயங்குதளம் ஏறிய பிறகு நடப்பதெல்லாம் வாடகைதாரரின் கணக்கு. சேவை எழாததற்கு வாடிக்கையாளர் உதவி மையத்துக்கு எழுதி நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த எல்லையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெய்நிகராக்கத்தின் வகையும் இங்கே முக்கியம். கேவிஎம் சர்வரில் உங்களுக்கென்று தனிக் கெர்னல் உண்டு. விலை குறைந்த சில திட்டங்கள் ஓப்பன்விஇசட் போன்ற கொள்கலன் முறையில் தரப்படுகின்றன. அவற்றில் கெர்னல் எல்லோருக்கும் பொது. கெர்னல் மாட்யூல் ஏற்றவோ நினைத்தபடி ஸ்வாப் சேர்க்கவோ இயலாது. விபிஎன், டாக்கர், ஃபயர்வால் போன்ற சேவைகள் அங்கே எழாமல் போனால், கான்ஃபிக் ஃபைலை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. எந்த வகைச் சர்வர் என்பதைச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது: சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட். விசாரணையை அதிலிருந்து தொடங்கலாம்.

எழுப்பும் முறையின் வரலாறு

லினக்ஸில் கெர்னல் முதலில் எழுப்பும் நிரலுக்கு எண் 1. மற்ற எல்லாச் சேவைகளையும் எழுப்புவது அதன் வேலை. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் பதிப்பிலிருந்து வந்த பழைய இனிட் முறையில், எண்ணிட்ட ஷெல் ஸ்கிரிப்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒரு ஸ்கிரிப்ட் தோற்றால் அது எதை எழுதுகிறதோ அவ்வளவுதான் சாட்சியம். சேவை உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்பதை, கோப்பு ஒன்றில் எழுதிவைத்த எண்ணைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது.

உபுண்டு 2006இல் தன் 6.10 பதிப்பில் அப்ஸ்டார்ட் என்ற மாற்றைக் கொண்டுவந்தது. 2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார்கள். 2011இல் ஃபெடோரா 15, 2014இல் ரெட்ஹேட் 7, 2015 ஏப்ரலில் டெபியன் 8, அதே மாதம் உபுண்டு 15.04 என்று முக்கிய வழங்கல்கள் வரிசையாக அதற்கு மாறின. டெபியனில் இந்த முடிவு பெரும் பிளவை உண்டாக்கியது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்ற வழங்கலைத் தொடங்கினார்கள். ஒரே நிரல் இத்தனை வேலைகளைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்விதான். ஆனால் கோளாறு தேடுகிறவரின் பக்கம் நின்று பார்த்தால், சிஸ்டம்டி கொடுத்த லாபம் பெரிது. ஒவ்வொரு சேவையும் தன் கிளை நிரல்களோடு தனிக் கூட்டாகக் கண்காணிக்கப்படுகிறது. அது வெளியிடும் எல்லா வாசகங்களும் ஜர்னல் என்ற ஒரே பதிவேட்டில் நேரத்தோடு சேர்கின்றன. ஏன் செத்தது என்பதற்கு ஒரு குறியீடும் கிடைக்கிறது.

முதல் சாட்சியம்

சேவை எழவில்லை என்றால் முதல் கட்டளை சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ். இரண்டாவது, அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்து இயக்கும் ஜர்னல்சிடிஎல். பதிவேட்டில் கடைசி வரியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது பலருடைய வழக்கம். ஏரிக்கரையில் கசிவு என்றால் தண்ணீர் தேங்கிய இடத்தை விட்டுவிட்டு ஊற்று எங்கே என்றுதான் ஊரார் தேடுவார்கள்; பதிவேட்டிலும் அப்படியே முதல் பிழைக்கு ஏறிப்போக வேண்டும். கடைசி வரிகள் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் விளைவுகளே.

குறியீடுகள் சிலவற்றை மனத்தில் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகும். 203 என்றால் சொன்ன நிரலை இயக்கவே முடியவில்லை: பாதை தவறு, இயக்கும் உரிமை இல்லை, அல்லது கோப்பே இல்லை. 200 என்றால் வேலை அடைவுக்குள் நுழைய முடியவில்லை. 217 என்றால் சேவைக்குக் குறித்த பயனர் கணக்கு இல்லை. 226 என்றால் பாதுகாப்புக்காகப் போட்ட வேலிகளை அமைக்க முடியவில்லை. இந்த நான்கிலும் உங்கள் மென்பொருள் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. அதன் நிரலில் பிழை தேடுவது வீண். 1, 2 போன்ற சிறிய எண்கள் வந்தால் மென்பொருள் தொடங்கி, தானே குறை சொல்லி வெளியேறியிருக்கிறது. அப்போது அதன் சொந்த லாகைப் படிக்க வேண்டும். 9 என்ற சிக்னலால் கொல்லப்பட்டிருந்தால் சந்தேகம் நினைவகத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். பல விபிஎஸ் இமேஜ்கள் உலகப் பொது நேரத்தில் அமைந்திருக்கும். பதிவேட்டில் காலை 6 மணி என்று இருந்தால் நமக்கு அது முற்பகல் 11.30. இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்தால், சம்பந்தமில்லாத நிகழ்ச்சியைக் காரணமென்று கொள்வோம். அடுத்தது, வார் அடைவின் லாக் பகுதியில் ஜர்னல் என்ற அடைவு இல்லாத சர்வர்களில், இயல்பான அமைப்பில் பதிவேடு நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ரீபூட் செய்தால் சாட்சியம் அழிந்துவிடும். ரீபூட்டை முதல் பரிகாரமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மூன்றாவது, சாதாரண வகைச் சேவையில் ஸ்டார்ட் கட்டளை எந்தச் செய்தியும் தராமல் முடிவதை வெற்றி என்று எண்ணக் கூடாது. நிரல் தொடங்கி அடுத்த நொடியே செத்திருக்கலாம். மறுபடி ஸ்டேட்டஸ் பார்த்தால்தான் உறுதி.

கான்ஃபிக் பிழைகள்

தோல்விகளில் எளிமையானதும் அடிக்கடி வருவதும் இதுவே. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் என்ஜின்எக்ஸ் எழாது. நல்லவேளையாக, முக்கிய மென்பொருள்கள் தங்கள் கான்ஃபிக்கைத் தாமே சோதித்துச் சொல்லும் வசதியோடு வருகின்றன. என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்ஹெச், பிஎச்பி-எஃப்பிஎம் மூன்றிலும் சிறிய டி என்ற சுவிட்ச் அதைச் செய்யும்; அப்பாச்சிக்கு கான்ஃபிக்டெஸ்ட் உண்டு. எந்த வரியில் பிழை என்பதையும் காட்டிவிடும். ரீஸ்டார்ட்டுக்கு முன் இந்தச் சோதனையை ஓட்டுவது ஒரு நொடி வேலை. எஸ்எஸ்ஹெச் விஷயத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. அது எழாமல் போனால் நீங்கள் சர்வருக்கு வெளியே நிற்பீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் 90 நாள் கெடு முடிந்துபோனாலும் என்ஜின்எக்ஸ் எழும், உலாவிதான் எச்சரிக்கும். சான்றிதழ்க் கோப்பே இல்லாமல் போயிருந்தால் மட்டும் எழாது. பழைய தளத்தின் சான்றிதழை நீக்கிவிட்டு அதன் கான்ஃபிக்கை நீக்க மறந்தவர்களின் எல்லாத் தளங்களும் சேர்ந்தே விழுவது இதனால்தான்.

சேவையை எப்படி எழுப்புவது என்று சொல்லும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பிலும் பிழை வரும். திருத்திய பிறகு டீமன்-ரீலோட் செய்யாவிட்டால் பழைய வடிவமே நடப்பில் இருக்கும். பின்னணிக்குப் போகாத நிரலைப் பின்னணிக்குப் போகும் வகை என்று அறிவித்திருந்தால், சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து அதைக் கொன்றுவிடும். நன்றாக ஓடும் நிரல் சரியாக ஒன்றரை நிமிடத்தில் சாகிறது என்றால் வகையறிவிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச் தனி சாக்கெட் யூனிட் வழியே எழுப்பப்படுகிறது. அதனால் பழைய பழக்கப்படி கான்ஃபிக்கில் போர்ட் எண்ணை மாற்றியவர்கள், மாற்றம் ஏறாததைக் கண்டு திகைத்தார்கள். நேற்றுவரை சரியாக இருந்த வழிமுறை புதிய பதிப்பில் தவறாகலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உரிமைகளும் 777 என்ற தவறான மருந்தும்

பெர்மிஷன் மறுக்கப்பட்டது என்ற வாசகத்தைக் கண்டதும் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777ஐப் போட்டுவிடுவது பரவலான பழக்கம். இது பாதுகாப்பைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, தொடக்கத் தோல்வியையே உண்டாக்கும். பிறர் படிக்கக்கூடிய தனிச்சாவியை எஸ்எஸ்ஹெச் ஏற்காது. தரவு அடைவு பிறருக்குத் திறந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் எழ மறுக்கும். யாரும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பை மைஎஸ்கியூஎல் புறக்கணித்துவிடும். வேண்டியது வேறு: சேவை எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, அந்தப் பயனரால் மேலடைவிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு படியும் இறங்க முடிகிறதா என்று பார்ப்பது. நேம்ஐ என்ற கட்டளை அந்தப் படிகள் முழுவதையும் உரிமைகளோடு காட்டும்.

உரிமைகள் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் பாதுகாப்பு அடுக்கைப் பார்க்க வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸும் உபுண்டுவில் ஆப்ஆர்மரும் காவல் இருக்கின்றன. வட்டில் இடம் போதவில்லை என்று மைஎஸ்கியூஎல் தரவை வேறு வட்டுக்கு மாற்றியவர்கள் ஆப்ஆர்மரிடம் சிக்குவது வழக்கம். புதிய பாதையை அதன் விதியில் சேர்க்கும்வரை சேவை எழாது. எஸ்இலினக்ஸ் சர்வரில் வழக்கமில்லாத போர்ட்டைக் கொடுத்தாலும் இதே கதி. காவலை முழுதாக அணைத்துவிடுவது தீர்வாகாது. எது தடுக்கப்பட்டது என்பதை ஆடிட் பதிவு சொல்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும்.

சிஸ்டம்டியே போடும் வேலிகளும் உண்டு. வீட்டு அடைவைக் காக்கும் அமைப்பு இயங்கினால், ஹோமில் இருக்கும் கோப்பு சேவையின் கண்ணுக்கே தெரியாது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓடவில்லை என்ற புகாரில் கணிசமான பங்கு இதற்கும், சேவைக்குக் கிடைக்கும் சுருக்கமான பாதைப் பட்டியலுக்கும் சேரும். யூனிட் கோப்பில் நிரலின் முழுப் பாதையை எழுதிவிடுவது நல்லது.

போர்ட், நினைவகம், வட்டு

ஒரு போர்ட்டில் ஒரு சேவைதான் உட்கார முடியும். டெபியனிலும் உபுண்டுவிலும் பிஎச்பி தொகுப்பை நேராக நிறுவினால் அப்பாச்சியும் கூடவே வந்துவிடும். ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் 80ஆம் போர்ட்டில் இருப்பதால் அப்பாச்சி எழாமல் தோற்கும். தளம் ஓடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்த ரீபூட்டில் அப்பாச்சி முந்திக்கொண்டால் என்ஜின்எக்ஸ் தோற்கும். தவறு நடந்தது மாதங்களுக்கு முன், வெளிப்படுவது இன்று. போர்ட்டை யார் பிடித்திருக்கிறார் என்பதை எஸ்எஸ் என்ற கட்டளை காட்டும்.

சிறிய திட்டங்களில் நினைவகம் ஒரு ஜிபி அல்லது அதற்கும் குறைவு. பல இமேஜ்களில் ஸ்வாப் இருக்காது. தரவுத்தளம், பிஎச்பி, வலைச் சேவை மூன்றும் சேர்ந்து நினைவகத்தைத் தீர்த்தவுடன், கெர்னல் பெரிய நிரலைத் தேர்ந்து கொல்கிறது. பெரும்பாலும் பலியாவது மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி. தரவுத்தளத்தின் லாகில் காரணம் இருக்காது; கொல்லப்பட்டவருக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. கெர்னல் பதிவில் அந்த வரி இருக்கும். ஒரு ஜிபி ஸ்வாப் கோப்பும், பிஎச்பி எத்தனை கிளைகளை எழுப்பலாம் என்ற வரம்பும் இத்தகைய சர்வர்களில் அவசியம்.

வட்டு நிரம்பினால் வரும் தோல்வி ஏமாற்றும். எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கிறது. அதனால் ரூட்டாக நுழைந்தவருக்குக் கோப்பு எழுத முடிகிறது. தனிப் பயனராக ஓடும் தரவுத்தளத்துக்கு இடமில்லை என்ற விடை கிடைக்கிறது. இடம் இருந்தும் ஐநோடுகள் தீர்ந்துபோவது இன்னொரு வகை. லட்சக்கணக்கான சிறிய செஷன் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் தளங்களில் இது நேரும். டிஎஃப் கட்டளையை இடத்துக்கு, ஐநோடுக்கு என்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வரிசையும் வலையிணைப்பும்

ரீபூட்டில் மட்டும் தோற்று, பிறகு கையால் எழுப்பினால் எழுந்துவிடும் சேவை என்றால் அது வரிசைச் சிக்கல். சிஸ்டம்டி சேவைகளை இணையாக எழுப்புகிறது. நெட்வொர்க் என்ற இலக்குக்குப் பின் எழு என்று எழுதினால், வலை நிர்வாகம் தொடங்கியது என்பதற்கு மேல் உறுதி எதுவும் இல்லை. முகவரி கிடைத்து இணைப்பு தயாரான பிறகு எழ வேண்டுமானால் நெட்வொர்க்-ஆன்லைன் என்ற இலக்கைச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஐபி முகவரியில் உட்காரும் சேவைகளும், தொடக்கத்திலேயே வேறொரு சர்வரின் பெயரைத் தேடும் என்ஜின்எக்ஸ் அமைப்புகளும் இதில்தான் தடுக்கி விழுகின்றன. தேவை, வரிசை இரண்டும் சிஸ்டம்டியில் வெவ்வேறு. தரவுத்தளம் வேண்டும் என்று சொல்வதால் மட்டும் அது முதலில் எழும் என்று ஆகிவிடாது. அதற்குப் பின் என்றும் தனியாக எழுத வேண்டும்.

தமிழ் நிரல்களுக்கு நேரும் இடர்

தமிழில் மென்பொருள் செய்பவர்களுக்கு மேலும் சில இடர்கள் உண்டு. சுருக்கமான இமேஜ்களில் மொழியமைப்பு தரப்பட்டிருக்காது. தமிழ் எழுத்தைத் திரையில் அச்சிடும் பழைய பைத்தான் நிரல், நம் முனையத்தில் நன்றாக ஓடிவிட்டு, சேவையாக எழும்போது ஆஸ்கி எழுத்துகளில் அடங்கவில்லை என்ற பிழையோடு செத்துவிடும். 2018இல் வந்த பைத்தான் 3.7 இதைப் பெருமளவு சரிசெய்தது. பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டுபவர்கள் யூனிட் கோப்பிலேயே யுடிஎஃப்-8 மொழியமைப்பைக் குறிப்பிட வேண்டும்.

விண்டோஸ் கணினியில் நோட்பேடில் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்ட் இன்னொரு வலை. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சேர்க்கும் கூடுதல் குறி, முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்க, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்தியும் 203 என்ற குறியீடும் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கான்ஃபிக் துண்டுகளில் நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் புகுந்திருக்கலாம். கேட் கட்டளையைப் பெரிய ஏ என்ற சுவிட்சோடு ஓட்டினால் இவை எல்லாம் வெளியே தெரியும்.

ரீபூட் என்ற பரீட்சை

மேலே கண்ட பல வகைகளில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. கோளாறு முன்பே நுழைந்துவிடுகிறது. சேவை மறுபடி தொடங்கும் நேரத்தில்தான் தலைகாட்டுகிறது. அந்த நேரத்தை நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் வேறு யாராவது தேர்ந்தெடுப்பார்கள். வாடகைக்கு விடுபவர் பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்தி எழுப்பலாம். உபுண்டுவின் தானியங்கி மேம்பாடு காலை 6 மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் ஓடும்படி அமைந்தது; பொது நேரத்தில் இருக்கும் சர்வரில் அது நம் முற்பகல் 11.30க்கும் 12.30க்கும் இடையே, கடையில் வியாபாரம் நடக்கும் வேளை.

பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2022 ஆகஸ்ட் 30 அன்று உபுண்டு 18.04க்கு வந்த சிஸ்டம்டி மேம்பாடு, மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் இருந்த சர்வர்களின் டிஎன்எஸ் அமைப்பைக் குலைத்தது. 2023 மார்ச் 8 அன்று தானாக ஏறிய சிஸ்டம்டி பாதுகாப்பு மேம்பாட்டால் வலைச் சேவை மறுதொடக்கம் ஆகி, டேட்டாடாக் நிறுவனத்தின் ஏராளமான சர்வர்கள் இணைப்பை இழந்தன. இதற்காக மேம்பாடுகளை நிறுத்திவிடுவது தவறு. ஓட்டைகளோடு இருக்கும் சர்வர் அதைவிட ஆபத்தானது. மேம்பாட்டை நாம் விழித்திருக்கும், வியாபாரம் இல்லாத வேளைக்கு மாற்றிக்கொண்டு, முடிந்ததும் தோற்ற சேவைகளின் பட்டியலைப் பார்ப்பதே முறை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபின் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அலுவலக அறையில் சர்வர் வைப்பதன் ஆபத்தை அந்த நாட்கள் காட்டின. வாடகைச் சர்வர் மின்வெட்டிலிருந்து நம்மைக் காக்கும். தொடக்கத் தோல்வியிலிருந்து காக்காது. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் நாமே ஒருமுறை ரீபூட் செய்து பார்ப்பது, அந்தக் கோளாறை நம் கையில் வைத்தே பிடிக்கும் வழி. சாட்சியத்தைச் சேமித்த பிறகு, நாம் குறித்த நேரத்தில் செய்யும் ரீபூட் நல்ல பரீட்சை. பதற்றத்தில் செய்வது சாட்சியத்தை அழிக்கும் காரியம்.

தானே எழுப்பும் அமைப்பு பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. சேவை செத்தால் மறுபடி எழுப்பு என்று யூனிட் கோப்பில் எழுதலாம். இயல்பான அமைப்பில் பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டு, மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது என்று எழுதும். பலர் அந்த வரியையே நோயென்று கொண்டு வரம்பை உயர்த்துகிறார்கள். அந்த வரி விளைவு மட்டுமே. காரணம் முதல் சாவில் இருக்கிறது. தானே எழுப்பும் அமைப்பு எப்போதாவது வரும் தடுமாற்றத்துக்கு உதவும். நிலையான கோளாறை அது மறைக்கும்.

உள்ளே நுழைய முடியாதபோது

எஸ்எஸ்ஹெச்சே எழாவிட்டால், வாடகை நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் வலைக் கன்சோல்தான் வழி. அதற்கு ரூட் கடவுச்சொல் வேண்டும். சாவி மட்டும் வைத்துக்கொண்டு கடவுச்சொல்லே அமைக்காதவர்கள் இங்கே தவிப்பார்கள். கூடுதல் வட்டைக் கழற்றிவிட்டு எஃப்எஸ்டேபில் அதன் வரியை விட்டுவைத்தால், சர்வர் அந்த வட்டுக்காகக் காத்திருந்து அவசர நிலையில் நின்றுவிடும். அவசியமில்லாத வட்டுகளின் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவைத்தால் இந்த விபத்து நேராது. கன்சோலும் கைகொடுக்காவிட்டால் ரெஸ்க்யூ முறையில் வேறொரு சிறிய லினக்ஸை எழுப்பி, நம் வட்டை அதில் இணைத்துத் திருத்தலாம். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. தேவை வரும் முன்பே அதை ஒருமுறை திறந்து பழகிக்கொள்வது நல்லது.

தமிழில் இந்த அறிவு

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து, 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் அங்கிருந்து பிறந்தது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. மதுராந்தகம், செய்யூர் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு லினக்ஸ் முதலில் அறிமுகமாக அந்த மடிக்கணினி ஒரு வாசல். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் ஆண்டுக்கணக்காகக் கூடிப் பேசிவருகின்றன. 2012 முதல் கணியம் இணைய இதழ் தமிழிலேயே லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றைக் கற்றுத்தருகிறது.

அறிமுகப் பாடங்களைக் கடந்து, கோளாறு தேடும் அறிவும் தமிழில் பெருக வேண்டும். நிறுவுவது எப்படி என்பதை எழுதுவது எளிது. விழுந்ததை எழுப்பியது எப்படி, காரணம் என்னவாக இருந்தது என்று எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். ஆனால் இரவு பத்து மணிக்கு முன்பதிவுத் தளத்தின் முன் தனியே உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகைதான்.

இவ்வளவையும் சுருக்கினால் ஒரு வரிசை கிடைக்கிறது. எதையும் தொடுமுன் ஸ்டேட்டஸையும் ஜர்னலையும் வேறொரு கோப்பில் சேமிக்கவும். முதல் பிழைக்கு ஏறிப்போய், நிரல் ஓடத் தொடங்கியதா இல்லையா என்பதைக் குறியீட்டிலிருந்து தீர்மானிக்கவும். ஓடாவிட்டால் பாதை, உரிமை, பயனர். ஓடி விழுந்திருந்தால் கான்ஃபிக் சோதனை, போர்ட், நினைவகம், வட்டு. ரீபூட்டில் மட்டும் விழுந்தால் வரிசை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதைத் தேதியோடு எழுதிவைக்கவும். சரியானபின் ஒருமுறை ரீபூட் செய்து உறுதிசெய்யவும்.

சர்வர் நிர்வாகி இல்லாத சிறு தொழில்களுக்கு இந்த ஒழுங்குதான் நிர்வாகி. உங்கள் சர்வரில் அடுத்த முறை ஒரு சேவை எழாதபோது, ரீபூட் கட்டளையைத் தட்டுமுன் பதிவேட்டைப் படியுங்கள். காரணம் கிடைத்ததும் அதைத் தமிழில் நாலு வரி எழுதி, உங்களைப் போல் தனியாகப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவரிடம் கொடுங்கள்.